குடோன் இரும்பு மாடிக்கு ஃபயர் பெயிண்ட் அடிச்சோம், எப்படி இருக்கு?

திருப்பூர்ல எங்க பனியன் கம்பெனி குடோனுக்குள்ள ஐ பீம் வெச்சு ஒரு மேல்மாடி போட்டிருக்கோங்க, கீழ அயர்னிங்கும் பேக்கிங்கும், மேல அட்டைப்பெட்டி, பாலி பேக், துணி ரோல்னு எல்லாமே பத்திக்கற சரக்கு. அந்த பீம், தூண் எல்லாத்துக்கும் தீ தாங்கற கோட்டிங், இன்ட்யூமெசன்ட் பெயிண்ட்னு சொல்றாங்களே அது, கோயமுத்தூர்ல இருந்து ஒரு டீம வரவெச்சு அடிச்சு முடிச்சாச்சு. புதுசா ஷெட் போடற ஆளுங்க நெறைய பேர் இத பத்தி கேக்கறாங்க, அதனால வெவரமாவே எழுதிடறேன். பெயிண்ட் நல்ல பெயிண்ட், வேலையும் சுத்தம், பில்லுதான் கனம்.

இரும்பு எரியாதே, அதுக்கு எதுக்கு இவ்வளவு செலவுன்னு எங்க வீட்லயே கேட்டாங்க. எரியாது, உருகக்கூட 1500 டிகிரி கிட்ட வேணும், ஆனா 550 டிகிரி தாண்டும்போதே அதோட பலத்துல ஏறக்குறைய பாதி போயிடும், மேல லோடு இருந்தா அப்படியே வளைஞ்சு உக்காந்துடும். ஃபயர் டெஸ்ட் பண்ற ஃபர்னஸ்ல வெக்கற கணக்கே அஞ்சாவது நிமிஷம் 576 டிகிரி, அரை மணி நேரத்துல 842 டிகிரிங்க. 2017 மே 31ந்தேதி சென்னை உஸ்மான் ரோட்டுல அந்தப் பெரிய துணிக்கடை எரிஞ்சப்போ டிவில பார்த்திருப்பீங்க, ஏழு மாடி கான்கிரீட் கட்டடம், அதுவே சூட்டுல ஒரு பக்கம் சரிஞ்சுது, அப்புறம் மொத்தமா இடிச்சே தள்ளினாங்க. நம்ம குடோன்ல மூடாம நிக்கற வெறும் இரும்பு எவ்வளவு நேரம் தாங்கும்னு நெனச்சுப் பாருங்க, கீழ நின்னு அயர்ன் பண்ற பொண்ணுங்க வெளிய ஓடறதுக்கு நேரம் வேணுமில்ல, அந்த நேரத்தத்தான் இந்த பெயிண்ட் வாங்கித் தருது.

பாக்கறதுக்கு சாதா வெள்ளை பெயிண்ட் மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் கெட்டி. சூடு 200 டிகிரிக்கு மேல போச்சுன்னா உள்ள இருக்கற பாஸ்பேட் ஆசிடா மாறி பெயிண்ட்ட கரியாக்குது, மெலமின் கேஸ் விடுது, அந்த கேஸ் கரிய உப்ப வெச்சு கருப்பா ஸ்பாஞ்சு மாதிரி தடிமனா ஒரு போர்வை ஆயிடுது, சூடு இரும்புக்குப் போறது அதுல தாமதமாகுது. டீம்ல வந்த இன்ஜினியர் தம்பி ஒரு தகட்டுத் துண்டுல அடிச்சு கேஸ் டார்ச் புடிச்சுக் காட்டினார், எண்ணெயில போட்ட அப்பளம் மாதிரி பொரிஞ்சு எழும்புது, பாக்கவே ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், அந்த டார்ச் டெமோவ பார்த்து மட்டும் ஆர்டர் குடுத்துடாதீங்க. பெயிண்ட் உப்புதுன்னு அது காட்டும், உங்க பீம் 60 நிமிஷம் நிக்குமான்னு காட்டாது. அதுக்கு டெஸ்ட் சர்டிபிகேட்டும், எந்த சைஸ் இரும்புக்கு எவ்வளவு தடிமன்னு கம்பெனி குடுக்கற டேபிளும்தான் பாக்கணும்.

இங்கதான் மெயின் விஷயமே இருக்குங்க. கொட்டேஷன் கேட்டப்போ வேற ஒரு பார்ட்டி வந்து சுத்திப் பார்த்துட்டு, சதுர அடிக்கு இவ்வளவு, எல்லாத்துக்கும் ஒரே ரேட்டு, ரெண்டு கோட்டு அடிச்சுடலாங்கன்னுட்டு போயிட்டாங்க. இந்த டீம் அப்படி இல்ல, டேப்பும் காலிப்பரும் எடுத்துட்டு வந்து பீம் தனியா, தூண் தனியா, குறுக்க போற சானல் தனியான்னு அளந்தாங்க. அப்புறம் வந்த லிஸ்ட்ட பார்த்தா பெரிய பீமுக்கு கம்மி தடிமன், சின்ன சானலுக்கு ஜாஸ்தி. ஏனுங்க தம்பி, மாத்திப் போட்டுட்டீங்களா, சின்னதுக்கு எதுக்கு ஜாஸ்தின்னேன். "இல்லீங்கண்ணா, இரும்பு மெலிசா இருந்தா சீக்கிரம் சூடேறிடும், இரும்ப குறுக்க வெட்டினா தெரியற முகத்தோட சுத்தளவ அதோட ஏரியாவால வகுத்தா ஒரு நம்பர் வரும், அது கூடக்கூட பெயிண்ட்டும் கூடணும்"னார். அப்போ ஒரே ரேட்டு ரெண்டு கோட்டுன்னு சொல்றவங்க எந்தக் கணக்குல சொல்றாங்க? கணக்கே இல்ல. கூரை ஷீட்ட தாங்கற, தகடு மடிச்ச மெலிசு சி பர்லினுக்கு பெயிண்ட் கட்டுப்படியாகாது, போர்டு வெச்சு மூடிக்கறது மேல்னு அவங்களே சொன்னாங்க, வேலைய விட்டுக்குடுத்து பேசற ஆளுங்கள நம்பலாம்.

அடிச்சது ஜோட்டுன் ஸ்டீல்மாஸ்டர் 1200டபிள்யூஎஃப், தண்ணில கலக்கற அக்ரிலிக் வகை. வாடை ரொம்ப கம்மி, பக்கத்து ஷெட்ல ஆளுங்க வேலை செஞ்சுட்டேதான் இருந்தாங்க. ஷெட் போட்டவங்க துருவுக்கு அடிச்சுட்டுப் போன பழைய ரெட் ஆக்சைட கிரைண்டர் போட்டு எடுத்துட்டு எபாக்ஸி ப்ரைமர் அடிச்சாங்க, கீழ இருக்கற ப்ரைமர் ஒத்துக்கலேன்னா தீயில இந்தப் போர்வை கழண்டு விழுந்துடுமாம். அடிக்கும்போதே சீப்பு மாதிரி ஒரு தகட்ட ஈர பெயிண்ட்ல குத்திப் பாக்கறாங்க, எந்தப் பல்லு வரைக்கும் நனையுதோ அதுதான் ஈரத் தடிமன். காஞ்சப்புறம் மீட்டர வெச்சு அளக்கறாங்க, பீமோட நடுத்தகடான வெப்புலயும், மேலயும் கீழயும் படுத்திருக்கற பட்டையான ஃபிளாஞ்சுலயும் தனித்தனியா. எங்க பீமுக்கு ஒரு மில்லிமீட்டர ஒட்டி வந்துச்சு, வீட்டுச் செவுத்துல அடிக்கற பெயிண்ட் அதுல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. ஃபிளாஞ்சோட அடிப்பக்கம், ஏணி போட்டாலும் கண்ணுல படாத எடம், ரெண்டு மூணு பீம்ல கம்மியா இருந்துச்சு, மறுபடி அடிச்சுத் தரச் சொன்னேன், மொகம் சுளிக்காம அடிச்சாங்க.

கொறைன்னு பார்த்தா ஃபினிஷ் வழவழன்னு இருக்காது, ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசா சொரசொரப்பு, ஷோரூமா இருந்தா மனசுக்கு ஒப்பாது, குடோனுக்கு ஓகே. ஸ்ப்ரே தூள் பறந்து மூடி வெச்சிருந்த ரோல் மேல ஷீட்டையும் தாண்டி கொஞ்சம் படிஞ்சுடுச்சு, சரக்க மொத்தமா வெளிய எடுத்துட்டு வேலைய ஆரம்பிக்கணும்னு அவங்க கண்டிப்பா சொல்லியிருக்கணும். நடுவுல மழை புடிச்சுது, காத்துல ஈரப்பதம் 85 சதவீதம் தாண்டினா அடிக்கக்கூடாது, அதனால வேலை இழுத்துடுச்சு, அது யார் தப்பும் இல்ல. கீழ ஸ்டீம் அயர்ன் ஓடற எடம்கறதால மேல டாப் கோட்டு கட்டாயம் போட்டாகணும், தண்ணி வகை பெயிண்ட்டுக்கு அந்த ஆவி ஆகாது.

சிமெண்ட் மாதிரி ஸ்ப்ரே பண்ற வெர்மிகுலைட் ஐட்டமும் பார்த்தோம், வெல நல்லா கம்மி, தீயும் நல்லாவே தாங்கும். ஆனா அது சொரசொரன்னு உதிரும், வெள்ளை பனியன் மடிக்கற எடத்துக்கு மேல அத வெக்க முடியுங்களா? மில்லு, பார்க்கிங், மோட்டார் ரூம்னா தாராளமா அதையே போடுங்க, பெயிண்ட்டுக்கு காசக் கொட்ட வேண்டாம்.

இந்த டீமுக்கு நான் கூடுதலா மார்க்கு போடறது ஓட்டைகளுக்காக. மேல்மாடி தளத்துல கேபிள் டிரே ஏறிப்போற எடம் அப்படியே தொறந்து கெடந்துச்சு, கீழ பத்தினா புகையும் நெருப்பும் அந்த வழியா நேரா மேலதான் போகும், பீமுக்கு எவ்வளவு பெயிண்ட் அடிச்சு என்ன பிரயோஜனம். ராக்வூல்னு எரியாத கல்லுப் பஞ்சு திணிச்சு மேல ஃபயர் சீலன்ட் பூசினாங்க, பிவிசி பைப் போற எடத்துல பைப்ப சுத்தி வளையம் மாதிரி காலர் ஒண்ணு மாட்டினாங்க, பைப் உருகும்போது அது உப்பி ஓட்டைய நெரிச்சு அடைச்சுடும். செலவு பெயிண்ட்டோட பார்த்தா ஒண்ணுமே இல்ல, எங்க கொட்டேஷன்லயே இல்லாதத அவங்களா எடுத்துச் சொன்னாங்க.

பக்கத்து கம்பெனி அண்ணன் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, கேண்டீன் கீத்துக் கொட்டாய்க்கும் இதையே அடிச்சுடலாமான்னு கேட்டார். அண்ணா அத பிரிச்சுப் போட்டுட்டு ஷீட் போடுங்க, பெயிண்ட் பேச்சே வேண்டாம்னேன். 2004ல கும்பகோணத்துல 94 கொழந்தைங்க போனது சமையல் கூரைல பத்தின தீ கிளாஸ் ரூம் மேல இருந்த கீத்துக்குத் தாவித்தான். இந்த பெயிண்ட் இரும்புக்குத்தான், தீய அணைக்காது, புகைய நிறுத்தாது. ஸ்ப்ரிங்க்ளரும் அலாரமும் வெளிய போக ரெண்டாவது வழியும் தனியா வேணும், ரெண்டாவது படிக்கட்டுல அட்டைப்பெட்டி அடுக்கற பழக்கத்த முதல்ல நிறுத்தணும்.

வேலை குடுக்கறவங்க எத்தனை நிமிஷம் தாங்கணும்னு ஆர்க்கிடெக்ட்கிட்டயும் ஃபயர் சர்வீஸ்லயும் கேட்டு கொட்டேஷன்லயே எழுதி வாங்கிக்கோங்க. டிராலி இடிச்சு தூண் அடில பேந்துச்சுன்னா சாதா எனாமல் தடவி மறைக்காதீங்க, அதே பெயிண்ட்ல அதே தடிமனுக்கு போடணும், நாங்க தூணச் சுத்தி முழங்கால் உயரத்துக்கு தடுப்பு வெச்சுட்டோம். தடிமன் ரீடிங் ஷீட்டு எங்களுக்கு கேட்டுக் கேட்டு லேட்டாத்தான் வந்துச்சு, அதனால ஷீட்டு, டின்னு பேட்ச் நம்பர், ப்ரைமர் பேரு எல்லாம் கைக்கு வர்ற வரைக்கும் கடைசி பேமென்ட்ட விட்றாதீங்க.