கிப்சனா, பெட்ரோவா? எதிரே நின்ற மட்டையையும் பாருங்கள்

போன மாதம் சாப்பாட்டு மேசையில் ஒரு விவாதம். பேஸ்பாலில் ஒரே ஒரு சீசனை மட்டும் எடுத்துக்கொண்டால் சிறந்த பிட்சர், அதாவது பந்து வீசுபவர், யார்? ஆளுக்கு ஒரு ஓட்டு. கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: 1968-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு வீசிய பாப் கிப்சன், 2000-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு வீசிய பெட்ரோ மார்ட்டினெஸ். நான் பெட்ரோவுக்குப் போட்டேன், தோற்றேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

பழைய காலத்துப் பிட்சர் வால்டர் ஜான்சனின் 1913 சீசன் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அவர் காலத்து மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உச்சநிலை பேஸ்பால்) கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமே கிடையாது. அந்தக் கதவு 1947-ல்தான் திறந்தது. நல்ல பேட்டர்களில் ஒரு பகுதியினர் எதிரே வரவே முடியாத ஆட்டத்தை இதில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, இந்த இருவர். ஈ.ஆர்.ஏ. என்பது 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஒரு பிட்சர் கொடுக்கும் ரன். ஃபீல்டர் பிழையால் வந்தது சேராது. குறையக் குறைய நல்லது. கிப்சன் 1.12, பெட்ரோ 1.74. இதோடு நிறுத்தினால் கிப்சன்தான். மேசையில் இருந்த பெரும்பாலோர் இதோடுதான் நிறுத்தினார்கள்.

ஆனால் 1968 எப்படிப்பட்ட ஆண்டு? மேஜர் லீக்கில் இரண்டு பிரிவு: கிப்சன் ஆடிய நேஷனல் லீக், பெட்ரோ ஆடிய அமெரிக்கன் லீக். அமெரிக்கன் லீக்கில் அதிகச் சராசரிக்கான பேட்டிங் பட்டம் வாங்கிய யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரியே 0.301, அதாவது பத்துக்கு மூன்று ஹிட் (அடித்து பேஸ் சேர்வது). இரண்டு லீக்கிலும் சேர்த்து ஏழு பிட்சர்கள் 2.00-க்குக் கீழான ஈ.ஆர்.ஏ.வோடு முடித்தார்கள். செப்டம்பர் 17 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்த ஊர் அணியின் கேலார்ட் பெர்ரி ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் கார்டினல்ஸை 1-0 என்று சாய்த்தார். அன்று தோற்ற பிட்சர் சாட்சாத் கிப்சன். மறுநாளே அதே மைதானத்தில் கார்டினல்ஸின் ரே வாஷ்பர்ன் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் பழி தீர்த்தார். மட்டைகளே தூங்கிய ஆண்டு அது. பொறுக்க முடியாமல் அடுத்த சீசனுக்குப் பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

2000 நேர் எதிர். அமெரிக்கன் லீக்கின் மொத்த ஈ.ஆர்.ஏ. 4.91. பெட்ரோவுக்கு அடுத்து வந்த ரோஜர் கிளெமன்ஸ் 3.70. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 2 ரன்! கிப்சனுக்கு அடுத்து நேஷனல் லீக்கில் வந்த பாபி போலின் 1.99, இடைவெளி ஒரு ரன்கூட இல்லை. அதோடு கிப்சன் எதிரே ஒன்பது பேரில் ஒருவர் எதிரணிப் பிட்சர். பந்து வீசத் தெரிந்தவர், மட்டை பிடிக்கப் பெரும்பாலும் தெரியாதவர். பெட்ரோவுக்கு அந்த ஓய்வு கிடையாது; அந்த இடத்தில் அடிப்பதற்கென்றே ஒரு ஆள். அதே லீக்கின் நியூயார்க் யாங்கீஸ் அணியோ 1998 முதல் 2000 வரை மூன்று ஆண்டும் சாம்பியன். அவர்களுடைய மைதானத்திலேயே மே 28 அன்று கிளெமன்ஸுக்கு எதிராக முழு ஆட்டமும் வீசி 2-0 என்று ஜெயித்தார் பெட்ரோ. அதுவும் ஒன்பதாவது இன்னிங்ஸில் ட்ராட் நிக்சன் ஹோம் ரன் அடிக்கும்வரை இரு பக்கமும் பூஜ்யம்.

“கிப்சன் 304 இன்னிங்ஸ் வீசினார், உன் ஆள் 217தானே?” என்று மடக்கினார் ஒருவர். நியாயமான கேள்வி. பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டேன். 1968-ல் நேஷனல் லீக்கின் மொத்த ஈ.ஆர்.ஏ. 2.99. அதைவிட கிப்சன் மிச்சம் பிடித்தது சுமார் 63 ரன். பெட்ரோ, குறைந்த இன்னிங்ஸிலேயே, சுமார் 76.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ரன் பஞ்சத்தில் ஒவ்வொரு ரன்னுக்கும் விலை கூடுதல். கிப்சனின் 63-ஐ வெற்றிகளாக மாற்றினால் என் 76-ஐ எட்டிப் பிடிக்கலாம், தாண்டவும் செய்யலாம். எதிரணிக்கு ஒரு ரன்னும் கொடுக்காமல் முழு ஆட்டமும் வீசிய 13 ஷட்-அவுட் என்பதும் சும்மா வராது. பெட்ரோவையாவது வீடியோவில் நிறையப் பார்த்திருக்கிறேன். கிப்சன் எனக்குப் பெரும்பாலும் எண்கள்தான், அதனால் என் ஓட்டில் ஓரவஞ்சனை கொஞ்சம் இருக்கலாம். இருந்தாலும், ஊக்கமருந்துக் காலம் என்று பெயர் வாங்கிய அந்தப் பருத்த தோள்களுக்கு எதிரே நின்று 217 இன்னிங்ஸில் 284 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), வெறும் 32 வாக் (தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகப் போகும் முதல் பேஸ்). நாப்கினை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். மறு ஓட்டு நடந்தால் எடுப்பேன்.