நோயாளர் நற்கருணைச் சிமிழும் பையும்: வாங்கிப் பயன்படுத்தியதில் கண்டவை

கத்தோலிக்கப் பங்கில் நற்கருணை, அதாவது திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக அர்ச்சிக்கப்பட்ட சிறு அப்பம், வழங்கும் பொதுநிலைப் பணியாளராக (குருவோ துறவியோ அல்லாதவராக) இருப்பவர்களுக்குச் சொந்தமாகத் தேவைப்படும் பொருள்கள் மிகக் குறைவு. திருப்பலியில் உதவும்போது பாத்திரத்தைக் குருவே பீடத்திலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார். ஆனால் முதல் வெள்ளிக்கிழமைகளில், கோயிலுக்கு வர இயலாத முதியோரின் வீடுகளுக்கும் நோயாளரின் வீடுகளுக்கும் நற்கருணை கொண்டு செல்லும் பொறுப்பை ஏற்கும்போது, அந்த அப்பங்களை வைக்க மூடியுள்ள ஒரு சிறு சிமிழும் அதை வைத்துக் கழுத்தில் தொங்கவிட ஒரு பையும் வேண்டியிருக்கின்றன. மதுரை நகருக்குள் இருக்கும் ஆலயப் பொருள் கடை ஒன்றில் இவ்விரண்டையும் ஒரே தொகுப்பாக 900 ரூபாய்க்கு வாங்கினேன். ஞானஒளிவுபுரம், அரசரடிப் பக்கத்து வீடுகளுக்கு எடுத்துச் சென்று பல மாதங்கள் பழகிய பிறகே இதை எழுதுகிறேன்.

சிமிழ் பித்தளையால் ஆனது. உட்புறம் பொன்முலாம் பூசப்பட்டிருக்கிறது. துருப்பிடிக்கக்கூடிய உலோகத்திலோ பொன்னைவிட மதிப்புக் குறைந்த உலோகத்திலோ செய்யப்படும் திருப்பாத்திரங்களுக்கு உட்புறம் பொன்முலாம் பூசப்பட வேண்டும் என்பது திருப்பலி நூலின் பொது விதி. 2004ஆம் ஆண்டு வத்திக்கானின் இறைவழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரையோ, கண்ணாடி, மண் போன்று எளிதில் உடையும் பொருள்களில் செய்த பாத்திரங்களைத் திட்டவட்டமாக விலக்குகிறது. ஆகவே இந்தச் சிமிழின் பொருளில் குறை சொல்ல இடமில்லை. முலாம் எவ்வளவு தடிமன் என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எல்லாம் கோல்டு பாலிஷ்தான்மா, ஃபாதர்களே இதைத்தான் வாங்குறாங்க" என்ற பதில்தான் கிடைத்தது.

அந்தப் பதிலிலேயே இப்பொருளின் அடிப்படைக் குறை அடங்கியிருக்கிறது. தேவைப்படும் இடங்களில் பொதுநிலையினரும் நற்கருணை வழங்கலாம் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் அனுமதி அளித்தது 1973 சனவரியில். அதன்பின் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இருந்தும் கடைகளில் உள்ள சிமிழ்களும் பைகளும் அங்கி அணிந்த குருவின் கழுத்தையும், குருப்பட்ட நாளில் பரிசளிக்கும் உறவினரின் கண்ணையும் மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. ஒரு வீட்டுக் கட்டிலின் ஓரத்தில், மருந்துப் புட்டிகள் நிறைந்த சிறு மேசைக்கு முன் நின்றுகொண்டு இதைத் திறக்கப் போகிறவர் யார் என்ற எண்ணம் அவற்றில் இல்லை.

எடுத்துக்காட்டாக, சிமிழின் உள் அடித்தளத்தில் ஒரு சிலுவையும் திராட்சைக் கொத்தும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கடை விளக்கின் கீழ் அவை மிக அழகாகத் தெரிந்தன. ஆனால் அப்பங்கள் ஒன்றோடொன்று உரசும்போது உதிரும் நுண்ணிய துகள்கள் அந்தச் செதுக்கல்களுக்குள் சென்று தங்கிவிடுகின்றன; பணி முடிந்ததும் சிறிது நீர் ஊற்றித் தூய்மை செய்து அந்த நீரைப் பருகும்போது, விரலால் எவ்வளவு துழாவினாலும் திராட்சை இலைகளின் இடுக்குகள் முழுமையாக நீங்கியதாக மனம் ஒப்புவதில்லை. ஒவ்வொரு துகளிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று நம்பும் ஒருவருக்கு இது சிறு குறையன்று. உட்புறம் வழவழப்பாகவும், அடியும் சுவரும் சேரும் மூலை வளைவாகவும் உள்ள சிமிழையே வாங்குங்கள். அலங்காரம் வேண்டுமானால் மூடியின் வெளிப்புறத்தில் இருக்கட்டும்.

மூடி கீலால் இணைக்கப்பட்டிருப்பது நல்ல முடிவு. திருகு மூடியைத் திறக்க இரு கைகளும் வேண்டும். தனியே கழலும் மூடியை வைக்க இன்னொரு இடம் வேண்டும். கீல் மூடியை ஒரு கையால் திறந்து, மறு கையால் நோயாளியின் தலையைத் தாங்கிக்கொள்ளலாம். கொக்கி முதலில் மிக இறுக்கமாக இருந்தது. நான் வெறும் சிமிழைப் பலமுறை திறந்து மூடிய பிறகே தளர்ந்தது. அளவிலும் குறை இல்லை. அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதால், முழு அப்பத்தை விழுங்க முடியாதவர்களுக்கு அதன் ஒரு சிறு துண்டைச் சிமிழுக்குள்ளேயே முறித்து எடுக்க விரல்களுக்கு இடம் கிடைக்கிறது. பக்கவாதத்தால் படுத்திருப்பவர்களைக் கவனிப்போர் அந்த இடத்தின் அருமையை அறிவார்கள். குறுகிய, ஆழமான சிமிழ்களில் ஏழெட்டு அப்பங்களை அடுக்கலாம்தான், ஆனால் அவற்றினுள் எதையும் முறிக்க முடியாது.

பையைப் பற்றி இவ்வளவு நல்லபடியாகச் சொல்ல இயலவில்லை. தோல் என்று சொல்லி விற்றது ரெக்சின். சித்திரை வெயிலில் வியர்வை பட்டதும் அதன் சிவப்புச் சாயம் என் வெள்ளைச் சேலையில் இறங்கிவிட்டது. கயிறு நைலானாக இருப்பதால் கழுத்தை அறுக்கிறது. நீளமாகவும் இருப்பதால் இருசக்கர வாகனத்தில் போகும்போது பை ஊசலாடி, உள்ளே அப்பங்கள் மேலும் உரசுகின்றன. புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்காரர் ஒருவரிடம் கொடுத்து, அகலமான பருத்தி நாடா வைத்துக் குட்டையாகத் தைத்துக்கொண்டேன். ஊசலாட்டம் அதோடு நின்றது.

இன்னொன்று, பையின் வெளிப்புறத்தில் சாவிக்கும் கைபேசிக்கும் ஏற்ற ஓர் அறை வைத்திருக்கிறார்கள். நற்கருணையை எடுத்துச் செல்பவர், கோயிலில் அது வைக்கப்பட்டிருக்கும் பேழை உள்ள இடத்திலிருந்து நோயாளியின் வீட்டுக்கு, வேறு அலுவல் எதையும் இடையில் பார்க்காமல் நேரே செல்ல வேண்டும் என்று அந்த 2004 அறிவுரை சொல்கிறது. அப்படியிருக்க, கைபேசி மணி அடிக்கும் இடமாக இந்தப் பை அமைவது பொருத்தமில்லை. நான் அந்த அறையைத் தைத்து மூடிவிட்டேன். துடைக்கும் துணிக்காக உட்புறம் கொடுத்திருக்கும் தனி மடிப்பை மட்டும் பாராட்டலாம்.

சிமிழை மட்டும் தனியே தரக் கடைக்காரர் முதலில் மறுத்தார். மறுமுறை தோழி ஒருவருடன் சென்றபோது 600 ரூபாய்க்குத் தந்தார். ஆகவே தொகுப்பாக வாங்காமல், செதுக்கல் இல்லாத சிமிழைக் கேட்டு வாங்கி, பையைத் துணியில் தைத்துக்கொள்வது நல்லது. பங்குத்தந்தையிடம் காட்டி மந்திரித்து, அதாவது ஆசீர்வதித்து, வாங்கிய பின்னரே பயன்பாட்டுக்கு எடுங்கள். உள் முலாம் தேய்ந்து பித்தளை தெரியத் தொடங்கினால், புதிதாக வாங்கத் தேவையில்லை. தெற்காவணி மூல வீதி நகைப் பட்டறைகளில் முலாம் பூசித் தருவோர் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்கும் முன் சிமிழை நீரால் முழுமையாகத் தூய்மை செய்துவிட வேண்டும்.