பத்துச் சதம் எங்கிருந்து வந்தது? பிக்.ஜேஎஸ்ஸோடு மூன்று வருடம்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு மேல்மாடி அறையில் நாங்கள் மூன்று பேர். கடன் கொடுக்கும் ஒரு சங்கத்துக்கு வட்டிக் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் மொழியில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும் கூத்து, புரோகிராம் எழுதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களைக் கடித்தது 1.005. இரண்டு தசமதானத்துக்கு மட்டந்தட்டினால் 1.01 வரவேண்டியது, 1.00 என்று நின்றது. அன்றைக்கே, தசம எண்களைப் பிசகாமல் கணக்கிடும் பிக்.ஜேஎஸ்ஸுக்கு மாறினோம்.

சின்ன லைப்ரரி (வேறொருவர் எழுதி வைத்ததை எடுத்துச் சேர்க்கும் புரோகிராம் துண்டு). சுருக்கிய கோப்பு 6 கிலோபைட் அளவுதான், வேறு எதையும் துணைக்கு இழுக்காது. சங்கத்தின் பழைய கொம்பியூட்டருக்கு அது பெரிய உபகாரம். அதைவிடப் பிடித்தது சங்கிலி எழுத்து: பிக்('100000').டைம்ஸ்('0.12').டிவ்(365).டைம்ஸ்(30). டைம்ஸ் பெருக்கும், டிவ் வகுக்கும்: ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 வீதப்படி முப்பது நாள் வட்டி. வாயால் சொல்லும் ஒழுங்கிலேயே எழுதலாம். ஒவ்வொரு கண்ணியும் புது எண்ணைத் தரும், பழையது அப்படியே இருக்கும். (விடையை எடுத்து வைக்க மறந்து அரைநாள் முழித்ததும் உண்டு.)

முதல் மாத முடிவில் காசாளர் அக்கா போன் எடுத்தா. "தம்பி, நான் கல்குலேட்டரிலை போட்டா 986 ரூபா 30 சதம். உங்கடை மிசின் 40 எண்டு காட்டுது. பத்துச் சதம் எங்கையிருந்து வந்தது?"

பத்துச் சதத்தை இப்போது எந்தக் கடையிலும் வாங்கமாட்டார்கள். ஆனால் பேரேட்டில் அது கேள்விதான். பிழை லைப்ரரியில் இல்லை, எங்கள் கெட்டித்தனத்தில். 'காசுக்கு இரண்டு தசமதானம் போதுமே' என்று டிபி (எத்தனை தசமதானம் என்று சொல்லும்) அமைப்பை 2 ஆக வைத்திருந்தோம். அது கடைசி விடைக்கான அமைப்பு இல்லை. ஒவ்வொரு வகுத்தலிலும் அந்த இடத்திலேயே மட்டந்தட்டி வெட்டும். ஒருநாள் வட்டி 32.8767 என்று வரவேண்டியது 32.88 ஆகி, பிறகு முப்பதால் பெருகியது. வழக்கமான 20 க்கே திருப்பிவிட்டு, கடைசியில் மட்டும் மட்டந்தட்டினோம். பெருக்கலை முதலில் போட்டு வகுத்தலைப் பின்னுக்குத் தள்ளியிருந்தாலும் இந்தக் கணக்குத் தப்பியிருக்கும். சங்கிலி வழுக்கிக்கொண்டு போவதால், எந்தக் கண்ணியில் வெட்டு விழுகிறது என்று கண்ணில் படுவதில்லை.

அடுத்த பொறி இதைவிடக் கள்ளமானது. இரண்டு பிக் எண்களுக்கு நடுவில் வெறும் + போட்டால் 10 உம் 5 உம் சேர்ந்து 105 ஆகும். பெரிதா என்று கேட்கும் > குறியைப் போட்டால் எழுத்தாகத்தான் ஒப்பிடும்: 10000 ஐ விட 9000 பெரிசு! கடன் எல்லையைத் தாண்டியவர்களின் பட்டியல் எங்களுக்கு ஒரு கிழமை வெறுமையாகவே வந்தது. பிக்.ஜேஎஸ்ஸின் ஆறாம் பதிப்பில் வந்த ஸ்ட்ரிக்ட் (கண்டிப்பு) அமைப்பைப் போட்ட பிறகு இப்படி எழுதினால் உடனே பிழை என்று நிறுத்திவிடுகிறது. முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

இன்னும் தீராத குறை அடுக்குக் கணக்கு. நேர் அடுக்குகளுக்கு டிபி வேலை செய்யாது, முழு விடையையும் அள்ளிக் கொட்டும். 1.01 இன் 365 ஆம் அடுக்கே 730 தசமதானம். நாள் வீதத்தில் 20 தானம் இருந்தால் 7300. கூட்டுவட்டிப் பக்கத்தை மட்டும், பிக்.ஜேஎஸ்ஸை எழுதிய ஆளே எழுதிய இன்னொரு லைப்ரரியான டெசிமல்.ஜேஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டோம். அது பொருளுடைய இலக்கங்களை (முன்னால் வரும் பூச்சியங்களை விட்டு) எண்ணி நிறுத்தும்.