ரேப்பியரைப் பிடுங்கிய புத்தகம்: 2024 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஆயுதத் தேர்ச்சி

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று, என் கேரக்டரின் கையிலிருந்து இந்தப் புத்தகம் பிடுங்கிக்கொண்ட ரேப்பியர் என்ற மெல்லிய நீள வாளுக்காக. படம், தாள், அட்டை பற்றியெல்லாம் வேறு யாராவது எழுதட்டும். இந்த விதிப் புத்தகத்தின் 384 பக்கங்களில் நான் திரும்பத் திரும்பப் புரட்டியது ஒரே கேள்விக்காகத்தான். தனக்குத் தெரியாத ஓர் ஆயுதத்தை ஒரு கேரக்டர் புதிதாகக் கற்றுக்கொள்ள பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் இந்தப் பதிப்பு என்ன வழி வைத்திருக்கிறது?

நான் ஆடுவது யாழினி என்ற பார்ட். பாடி, மந்திரம் போட்டு, வாயாலேயே பாதிச் சண்டையை முடித்துவிடுவாள். மீதிப் பாதிக்கு இடுப்பில் ஒரு ரேப்பியர். 2014 புத்தகத்தில் பார்ட் கிளாஸுக்கு (கிளாஸ் என்றால் கேரக்டரின் தொழில்வகை) எளிய ஆயுதங்களோடு கைக் குறுக்குவில், லாங்சோர்டு, ஷார்ட்சோர்டு, ரேப்பியர் நான்கும் சேர்ந்தே வரும். அப்படித்தான் மூன்றாம் லெவல் வரை ஆடினோம். நடுவில் எங்கள் ஆட்டத்தை நடத்தும் டிஎம் புதுப் பதிப்பை வாங்கி, எல்லோரையும் கேரக்டர் ஷீட்டைத் திருப்பி எழுதச் சொன்னார். எழுத உட்கார்ந்தால் பார்டின் ஆயுதத் தேர்ச்சி என்ற இடத்தில் 'எளிய ஆயுதங்கள்' என்று மட்டும் இருக்கிறது. ஏதோ வரி விட்டுப்போயிருக்கும் என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். விட்டுப்போகவில்லை, வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள். ஃபினெஸ், அதாவது வலிமைக்குப் பதில் சுறுசுறுப்பால் வீச விடும் குணம், உள்ள எளிய கைச்சண்டை ஆயுதம் குத்துவாள் ஒன்றுதான். மூன்று லெவல் ரேப்பியர் சுழற்றியவள் ஒரே ராத்திரியில் அதை மறந்துவிட்டாளாம்.

பறிபோனது எனக்கு மட்டும் இல்லை. பழைய புத்தகத்தில் எல்ஃப் இனத்தில் பெரும்பாலோருக்குப் பிறப்போடு வந்த வாளும் வில்லும், ட்வார்ஃப்களின் கோடரியும் சுத்தியலும் இதில் கிடையாது. ஆயுதம் பழகுவது பிறப்பில் வருவதில்லை என்ற அந்த முடிவில் எனக்குச் சண்டை இல்லை. மந்திரவாதியான விசார்டுக்கும் லாபம்தான். முன்பு ஐந்தே ஆயுதங்கள், இப்போது எளிய ஆயுதங்கள் முழுக்க. பூசாரி வகையான கிளெரிக்குக்கு 'ப்ரொடெக்டர்' என்ற தேர்வும் இயற்கை மந்திரக்காரரான ட்ரூயிடுக்கு 'வார்டன்' என்ற தேர்வும் முதல் லெவலிலேயே மார்ஷியல் ஆயுதங்களை, அதாவது ரேப்பியர் மாதிரி எளிய பட்டியலுக்கு மேற்பட்ட போர் ஆயுதங்களை, தருகின்றன. நல்ல ஏற்பாடு. பார்டுக்கும் அப்படி ஒரு கிளை வைத்திருந்தால் இந்த விமர்சனம் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

சரி, யாழினி ரேப்பியரை மீட்க என்ன செய்யலாம்? புத்தகத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. அவை மூன்று வெவ்வேறு அத்தியாயங்களில் கிடக்கின்றன. கிளாஸ் விவரம் மூன்றாம் அத்தியாயம், ஃபீட்டுகள் (லெவல் ஏறும்போது எடுக்கும் கூடுதல் திறன்கள்) ஐந்தாவது, மல்ட்டிகிளாஸ் (இன்னொரு கிளாஸையும் சேர்த்துக்கொள்ளும்) விதி இரண்டாவது. ஆயுதப் பட்டியலே ஆறாவதில்தான். நான்கு விரலை நான்கு இடத்தில் செருகிக்கொண்டு படித்தேன்.

முதல் வழி, மூன்றாம் லெவலில் 'காலேஜ் ஆஃப் வேலர்' என்ற பார்ட் கிளையை எடுப்பது. மார்ஷியல் ஆயுதம், நடுத்தரக் கவசம், கேடயம் எல்லாம் வரும். ஆனால் யாழினி 'லோர்' கிளைப் பக்கம் போனவள், ஏடு புரட்டுகிறவள். ஒரு வாளுக்காக அவள் சுபாவத்தையே மாற்ற மனசு வரவில்லை.

இரண்டாவது, நான்காம் லெவலில் 'மார்ஷியல் வெபன் ட்ரெய்னிங்' ஃபீட். வலிமை அல்லது சுறுசுறுப்பில் ஒரு புள்ளி, கூடவே மார்ஷியல் ஆயுதம் அத்தனையிலும் தேர்ச்சி. 2014 புத்தகத்தில் இதே வேலைக்கு இருந்த 'வெபன் மாஸ்டர்' ஃபீட் நான்கே நான்கு ஆயுதங்களைத்தான் தந்தது, எங்கள் மேசையில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. அதே பெயர் புதுப் பதிப்பிலும் இருக்கிறது, வேலைதான் வேறு. தெரிந்த ஓர் ஆயுதத்தின் மாஸ்டரியை, அதாவது அதற்கென்று உள்ள தனிக் குணத்தை, பயன்படுத்த விடுகிற ஃபீட் அது. பெயரைப் பார்த்து ஏமாந்து, ஷீட்டில் எழுதி, பிறகு அழித்தவன் நான்.

மூன்றாவது, ஃபைட்டர் என்ற போர்வீரன் கிளாஸில் ஒரு லெவல் எடுத்துக்கொள்வது. இங்கேதான் எனக்குக் கடுப்பு வருகிறது. அந்த ஒரே லெவலில் மார்ஷியல் ஆயுதங்கள், நடுத்தரக் கவசம் வரை, கேடயம், ஒரு ஃபைட்டிங் ஸ்டைல், செகண்ட் விண்ட், இவற்றோடு மூன்று ஆயுதங்களின் மாஸ்டரியும் வந்துவிடும். ஃபீட் வழியில் போனால் நான்காம் லெவலில் தேர்ச்சிக்கு ஒன்று, எட்டாம் லெவலில் மாஸ்டரிக்கு ஒன்று என்று இரண்டு ஃபீட் செலவு. அவ்வளவு செலவழித்தும் ஒரே ஆயுதத்தின் மாஸ்டரிதான் கிடைக்கும். மல்ட்டிகிளாஸ் செய்தால் மந்திரம் ஒரு லெவல் பின்தங்கும், உண்மை. ஐந்தாம் லெவலில் கிடைக்க வேண்டிய மூன்றாம் நிலை மந்திரம் ஆறில்தான் வரும். இருந்தாலும் விலையில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தால், பொறுமையாகக் கற்க நினைப்பவன்தான் ஏமாளி.

மாஸ்டரி என்றேன் அல்லவா, இந்தப் பதிப்புக்கு நான் கொடுத்த நான்கு மதிப்பெண்ணில் இரண்டு அதற்கே. ஒவ்வோர் ஆயுதத்துக்கும் எட்டுக் குணங்களில் ஒன்று உண்டு. க்ளீவ், க்ரேஸ், நிக், புஷ், சாப், ஸ்லோ, டாப்பிள், வெக்ஸ். முன்பெல்லாம் லாங்சோர்டுக்கும் வார்ஹாமருக்கும் பகடையில் வித்தியாசமே கிடையாது, வெட்டா அடியா என்பதோடு சரி. இப்போது லாங்சோர்டு பட்டால் எதிரியின் அடுத்த அடி தடுமாறும், வார்ஹாமர் பட்டால் பத்தடி பின்னால் போவான். க்ரேட்சோர்டு குறி தப்பினாலும் வலிமை மாற்றெண் (வலிமைப் புள்ளியிலிருந்து வரும் கூட்டல் எண்) அளவுக்குக் கீறிவிட்டுத்தான் திரும்பும். ஃபைட்டருக்குத் தொடக்கத்தில் மூன்று ஆயுதங்கள், பதினாறாம் லெவலில் ஆறு. நீண்ட ஓய்வு எடுத்தால் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். புது ஆயுதம் கற்க ஆசை வருவதற்கு இதைவிட நல்ல தூண்டில் வேண்டாம்.

குறையும் உண்டு. எங்கள் குழுவின் ஃபைட்டர் கொம்பன் தூக்குவது மால் என்ற பெரிய சம்மட்டி, அதன் குணம் டாப்பிள். ஒவ்வோர் அடி பட்டதும் எதிரி விழுகிறானா என்று டிஎம் ஒரு பகடை உருட்ட வேண்டும். ஐந்தாம் லெவலில் சுற்றுக்கு இரண்டு அடி, அதனால் இரண்டு உருட்டல். ஐந்து கோப்ளின்களோடு மோதிய ஒரு சண்டை ஒரு மணி நேரம் இழுத்தது. தாக்கும்போது அடிக்கு ஓர் ஆயுதத்தை உருவவோ உறையில் போடவோ விதி இடம் கொடுப்பதால், அவன் இப்போது முதுகில் ஆயுத மூட்டையோடு அலைகிறான். முதல் அடிக்கு ஒன்று, இரண்டாம் அடிக்கு இன்னொன்று.

இனி ஒரு கணக்கு. தேர்ச்சி இல்லாமலே யாழினி ரேப்பியரை வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இருபது முகப் பகடையான டி20 உருட்டி வருகிற எண்ணோடு சுறுசுறுப்பு மாற்றெண்ணைக் கூட்டுவோம். தேர்ந்த ஆயுதம் என்றால் தேர்ச்சி போனஸும் சேரும். முதல் லெவலில் அது 2, பதினேழில் 6. தேராத ஆயுதத்துக்கு அந்த போனஸ் இல்லை, அவ்வளவுதான், தண்டனை எதுவும் கிடையாது. மூன்றாம் லெவலில் சுறுசுறுப்பு +3, எதிரியின் கவச எண், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 15 என்று வைப்போம். தேர்ந்த குத்துவாள் நூற்றுக்கு 55 முறை படும், தேராத ரேப்பியர் 45 முறை. ஆனால் குத்துவாளின் பகடை நாலு முகம், ரேப்பியரின் பகடை எட்டு முகம். கிரிட்டிக்கலையும் (20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பு) சேர்த்தால் சராசரி குத்துவாளுக்கு 3.15, ரேப்பியருக்கு 3.6. அதாவது கற்றுக்கொண்ட ஆயுதத்தைவிடக் கற்காத ஆயுதமே நன்றாக வெட்டுகிறது! இரண்டு கையிலும் குத்துவாள் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த இரண்டாம் கை அடிக்குத் தேவையான போனஸ் ஆக்‌ஷன் பார்டுக்குக் கூட்டாளிக்கு இன்ஸ்பிரேஷன் கொடுக்கவே போதாது.

பதினேழாம் லெவலில் கதை தலைகீழ். மாற்றெண் +5, எதிரியின் கவச எண் 19 என்றால் குத்துவாள் 5, ரேப்பியர் 3.55. ஆக, தேர்ச்சியின் அருமை உயரப் போகப் போகத்தான் தெரியும். தொடக்க லெவல்களில் ஃபீட்டைச் செலவழித்து மார்ஷியல் ஆயுதம் வாங்குவது, கணக்குப்படி பார்த்தால், அவசரம்.

பழைய பதிப்புகள் இதில் இரக்கமே பார்க்கவில்லை. 1978இன் அட்வான்ஸ்டு விதிகளில் ஃபைட்டருக்கு நான்கு ஆயுதங்கள், மந்திரவாதியான மேஜிக்-யூசருக்கு ஒன்றே ஒன்று. தெரியாததைத் தூக்கினால் ஃபைட்டருக்கு உருட்டலில் 2 குறையும், மேஜிக்-யூசருக்கு 5. ஃபைட்டர் மூன்று லெவலுக்கு ஒரு முறை புதிதாக ஒன்று கற்பான், மேஜிக்-யூசர் ஆறு லெவலுக்கு ஒரு முறை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் தெரியாத ஆயுதம் என்றால் எல்லோருக்கும் 4 குறைவு, விசித்திர ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீட். இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் பயிற்சி இல்லாவிட்டால் லெவல் எண்ணையே கூட்ட விட மாட்டார்கள். பத்தாம் லெவலில் பயிற்சி பெற்றவனுக்கும் பெறாதவனுக்கும் 12 வித்தியாசம். இவற்றோடு ஒப்பிட்டால் இந்தப் புத்தகம் சாது. ஆனால் அந்த 1978 விதியில் ஒரு நிதானம் இருந்தது. லெவல் ஏற ஏற, தானாகவே, ஓர் ஆயுதம் கைக்குப் பழகும்.

என் ஒரு மதிப்பெண் போனது அங்கேதான். நாற்பது நாள் ஒருவரிடம் பாடம் கேட்டு, கை காய்த்துப்போய் ஓர் ஆயுதத்தைப் பழகுவதற்கு இதில் இடமில்லை. 2014 புத்தகத்தில் ஓய்வு நாட்களில் மொழியோ கருவியோ கற்க 250 நாள், நாளுக்கு ஒரு பொற்காசு என்று விதி இருந்தது. 2017இல் வந்த ஸனாதர் கையேடு என்ற துணை விதிநூல் அதைப் பத்து வாரமாகக் குறைத்தது, அறிவு மாற்றெண் எவ்வளவோ அத்தனை வாரம் தள்ளுபடி. இரண்டிலுமே ஆயுதம் கிடையாது. பூட்டுத் திறக்கும் கருவியை ஒருவரிடம் கற்றுக்கொள்ளலாம், வாளை மட்டும் லெவல் ஏறும் நொடியில் வானத்திலிருந்து பெற வேண்டும்.

எனவே நாங்களே ஒரு விதி செய்தோம். ஸனாதர் கணக்கில் பத்து வாரம். யாழினிக்கு அறிவு +1, ஆகவே ஒன்பது. சொல்லிக்கொடுக்க, அந்த ஆயுதம் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அது கொம்பன். அதோடு, தேர்ச்சி இல்லாமலே அந்த ஆயுதத்தால் உண்மையான சண்டையில் பத்து முறை அடி பட வைக்க வேண்டும். அடிக்கு ஒரு டிக், சண்டைக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. பயன்படுத்தினால்தான் திறமை வளரும் என்பது 1978இன் ரூன்க்வெஸ்ட் விளையாட்டிலிருந்தே இருக்கிற யோசனை, கடன் வாங்கினோம். கிடைப்பது ரேப்பியர் தேர்ச்சி மட்டும், மற்ற மார்ஷியல் ஆயுதமோ மாஸ்டரியோ வராது. ஃபீட் எடுக்கிறவனுக்கும் இதனால் நஷ்டம் இல்லை. நான்காம் லெவல் ஃபீட்டில் நான் நிம்மதியாக வார் காஸ்டர் எடுத்துக்கொண்டேன்.

வாரம் ஒன்பதும் ஓடிவிட்டது, டிக் ஒன்பதில் நின்றது. இரண்டு சந்திப்பு முழுக்க ஒரு குத்துகூடப் படவில்லை. அப்புறம் ஒரு செங்குத்துப் பாறையில் பாட்டால் மயக்கும் பறவைப் பெண் அரக்கிகளான ஹார்ப்பிகள் மூன்று பாட ஆரம்பித்தன. கொம்பன் மயங்கி, சிரித்துக்கொண்டே விளிம்பை நோக்கி நடந்தான். எங்கள் மேசையில் இருந்த, அரக்கர்களின் விவர நூலான மான்ஸ்டர் மேனுவல்படி, மயங்கியவன் மேல் வேறு யாராவது அடித்தால் அவன் தெளிய இன்னொரு வாய்ப்பு உருட்டலாம். மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள். யாழினி ரேப்பியரை உருவித் தன் வாத்தியாரின் தொடையில் குத்தினாள். கவச எண் 16, எனக்கு வந்தது 17. ஒன்பது புள்ளிச் சேதம். கொம்பன் உருட்டினான், தெளிந்தான், விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி நின்றான்.

"டிக் போட்டுக்கலாமா?" என்று டிஎம்மைக் கேட்டேன்.

கொம்பனை ஆடுபவன் என்னை முறைத்தான். "குத்துனது நீ, ரத்தம் என்னோடது, டிக் மட்டும் உனக்காடா?"

எதிரியைத்தான் அடிக்க வேண்டும் என்று நாங்கள் விதியில் எழுதவில்லை. டிஎம் அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுப் பென்சிலை என்னிடம் நீட்டினார்.