தராசில் 31.1 கிராம், உள்ளே செம்பு: சில்வர் ரவுண்டு வாங்குவோர் கவனத்துக்கு

போனது 11 அவுன்ஸ் வெள்ளியின் விலை. யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம், கமிஷன் வந்தால் போதும் என்றிருக்கும் இணைய விற்பனைத் தளம் ஒன்றில். “20 சில்வர் ரவுண்டு, ஒவ்வொன்றும் ஒரு ட்ராய் அவுன்ஸ், லிமிடெட் எடிஷன், வரிசை எண்ணுடன் சான்றிதழ்.” சில்வர் ரவுண்டு என்றால் தனியார் அச்சடிக்கும், நாணயம் போன்ற வெள்ளி வில்லை. வாங்கிய விலை, 26 அவுன்ஸ் வெள்ளியின் சந்தை விலை. வந்ததில் 15 மட்டும் .999 வெள்ளி, அதாவது 99.9 சதவீதம் சுத்தம். மீதி 5 வெள்ளி முலாம் பூசிய செம்பு.

நம்ப வைத்தது ஒரே ஒரு படம். டிஜிட்டல் தராசின் மேல் வில்லை, திரையில் 31.10. தங்கம், வெள்ளியை நிறுக்கும் ட்ராய் அவுன்ஸ் 31.1035 கிராம், சாதாரண அவுன்ஸ் 28.35 தான். அந்த வித்தியாசம் தெரிந்தவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்தால் சரி என்றுதான் சொல்வார்கள். சூதே அங்குதான். வெள்ளியின் அடர்த்தி கன செ.மீ.க்கு 10.49 கிராம், செம்புக்கு 8.96. அதே 39 மி.மீ. விட்டத்தில் செம்பைச் சுமார் ஆறில் ஒரு பங்கு கூடுதல் தடிமனாக அடித்தால் தராசு 31.1 காட்டிவிடும். காந்தமும் கைகொடுக்காது: சாய்த்துப் பிடித்தால் நியோடிமியம் காந்தம் வெள்ளியில் மெதுவாக வழுக்கும், செம்பிலும் அப்படியே. பனிக்கட்டி இரண்டிலும் விறுவிறுவென்று உருகும். மேலாக விடும் ஆசிட்டுக்குத் தெரிவது முலாம் மட்டுமே.

காட்டிக்கொடுத்தது தண்ணீர். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். மெல்லிய நூலில் வில்லையைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். ஒட்டிய காற்றுக் குமிழை உதறிவிடுங்கள், இல்லாவிட்டால் எண் ஏறும். தராசு காட்டுவது வில்லை விலக்கும் தண்ணீரின் எடை; தடிமன் கூடினால் அதுவும் கூடும். ஒரு அவுன்ஸ் வெள்ளிக்கு 2.96, 2.97 கிராம் வரும். இந்த ஐந்துக்கும் வந்தது 3.4-க்கு மேல்.

புகாருக்கு விற்றவர் பதில்: “எடை சரியா இருக்கே சார், வேற என்ன குறை?” மறுபடி கேட்டால், “முழு வெள்ளின்னு எங்கயாவது எழுதியிருக்கேனா?” வில்லையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் “100 மில்ஸ் .999 ஃபைன் சில்வர்” என்று இருக்கிறதாம். முலாம் சரக்கை விற்க வைத்திருக்கும் சொல் அது! தளமோ, “உறை பிரித்த பொருளுக்குப் பணம் திரும்பாது” என்று முடித்துவிட்டது. உறையைப் பிரிக்காமல் தண்ணீரில் எப்படிப் போடுவதாம்? அதற்குப் பதிலே இல்லை.

அந்த 11 அவுன்ஸில் செம்புக்குப் போனது 5. மிச்சம் 6, சான்றிதழுக்குப் போனது. இது அரசு நாணயம் இல்லை, முகமதிப்பும் கிடையாது. விற்கப் போனால் எடை பெருக்கல் தரம் பெருக்கல் அன்றைய ஸ்பாட் விலை (வெள்ளியின் சந்தை விலை), அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். 1970-களின் சில தனியார் வில்லைகளைச் சேகரிப்பவர்கள் கூடுதல் கொடுத்துத் தேடுவது உண்மை. அது தேடுபவர் இருப்பதால் வரும் விலை, அச்சடித்த வரிசை எண்ணால் வருவதில்லை.

எப்படி வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். “கிளாட்” (வேறு உலோகத்தின் மேல் வெள்ளி போர்த்தியது), “மில்ஸ்”, “ஜெர்மன் சில்வர்” என்று எங்கே கண்டாலும் விலகுங்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. .925 என்றிருந்தால் எடையை 0.925-ஆல் பெருக்கிவிட்டு விலை பேசுங்கள். முகப்புப் படம் போதாது; விளிம்பின் படமும் தடிமன் அளவும் கேளுங்கள். தொகுப்பில் ஒன்றைச் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள், இங்கே 15 நல்லவைதான் அந்த ஐந்தை மறைத்தன.