நாயைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு வருகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் பொன்னிக்கு அப்போது ஏழு மாதம். சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கலப்பு என்று கொடுத்தவர் சொன்னார். கால் நீளத்தைப் பார்த்தால் நம்பலாம். யார் வந்தாலும் மேலே தாவுவாள். அதை நிறுத்தத்தான் கோவையில் ஒரு பயிற்சியாளரைப் பிடித்தோம்.

"அடியே கிடையாது சார், பாராட்டும் தீனியும் மட்டும்தான்" என்றார். மூன்று வாரம் அவரிடமே இருக்க வேண்டும். 18,000 ரூபாய், முன்பணம் 10,000. "நடுவில் பார்க்க வராதீர்கள், உங்களைக் கண்டால் பேச்சுக் கேட்காது" என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காய்ந்த கோழித் துண்டு மூன்று பாக்கெட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாட்ஸப்பில் வீடியோ வந்தது. உட்கார் என்றால் உட்கார்ந்தாள். பெருமையாகச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இப்போது பார்த்தால் காது பின்னால் ஒட்டிக் கிடக்கிறது, வால் வயிற்றுக்கடியில், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறாள். எல்லாம் பயத்தின் அடையாளம்.

வீட்டுக்கு வந்த மறுநாள், கொடியில் கிடந்த துண்டை எடுக்கக் கையை உயர்த்தினேன். பொன்னி தரையோடு தரையாக ஒடுங்கி மூத்திரம் விட்டாள். கழுத்தைத் தடவினால் முடி உதிர்ந்து, வரிசையாகச் சின்னச் சின்னப் புண்கள். உள்பக்கம் முள் வைத்த கழுத்துப் பட்டை போட்டு இழுத்திருக்கிறார்கள் என்றார் கால்நடை மருத்துவர். அவளோடு திரும்பி வந்த பையைக் கவிழ்த்தேன். மூன்று பாக்கெட்டில் இரண்டு பிரிக்கவே இல்லை.

பயிற்சியாளரிடம் போனில் கேட்டதற்கு, "நாட்டு ரத்தம் சார், தீனிக்கெல்லாம் மசியாது" என்றார். சுத்தப் பொய். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பொட்டுக்கடலை அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொண்டு நாங்களே ஆரம்பித்தோம். நாலு காலும் தரையில் இருக்கிற அந்த நொடியிலேயே "சபாஷ்", உடனே வாயில் ஒரு துண்டு. கொஞ்சம் தாமதித்தாலும் எதற்குக் கிடைத்தது என்று அவளுக்குப் புரியாது. சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். ஆறு வாரத்தில் தாவுவது நின்றது. தலைக்கு மேல் கை போனால் மட்டும் இன்னும் சுருங்குகிறாள். தாடைக்குக் கீழேதான் தடவுகிறோம்.

நாயை அடித்து வதைப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் நான் புண்ணைப் படம் எடுக்காமல், மருத்துவரிடம் எழுதி வாங்காமல், மருந்தைத் தடவிவிட்டு இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். முதல் வகுப்பில் கூடவே உட்காருவேன் என்று கேளுங்கள். நாய் சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். மழுப்பினால் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மீதி 8,000 கேட்டு அவர் இன்னும் கூப்பிடுகிறார். நான் எடுப்பதில்லை.