மலிவு போன பிறகு: மூன்று சோவியத் ரைஃபிள்கள்

2010 வாக்கில் அமெரிக்காவில் மோசின்-நாகாந்த் 91/30 ரைஃபிள் நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. கடையில் மரப்பெட்டிக்குள் கிரீஸ் வழிய அடுக்கி வைத்திருப்பார்கள். நாமே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். 440 தோட்டாக்கள் அடைத்த தகர டப்பாவும் மலிவுதான். அந்த விலையில் வாங்கியவர்கள் எழுதிவைத்த புகழுரைகளைப் படித்துவிட்டு இன்று நானூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. நூறு டாலர்ப் பொருளின் குறையைச் சிரித்து மன்னிக்கலாம். நானூறு டாலர் கொடுத்தவன் கணக்குக் கேட்க வேண்டும்.

பென்சில்வேனியாவில் இயந்திர உதிரிபாகங்கள் கடையும் பட்டறை ஒன்றில் தரச்சோதனை பார்ப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பின் சுடுதளத்துக்குப் போகிறேன். சேகரிப்பவன் அல்லன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஒரு துப்பாக்கியும் என்னிடம் கிடையாது. 91/30, எஸ்கேஎஸ், எஸ்விடி-40 ஆகிய மூன்றையும் சுடுகிறவனின் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் மோசின். 1891-இல் ஜார் காலத்து ராணுவம் ஏற்ற ரைஃபிளை 1930-இல் திருத்தி எடுத்ததுதான் 91/30. நீளம் 1232 மில்லிமீட்டர். குழல்முனைக் கத்தியான பயனெட்டை மாட்டினால் பலரை விட உயரமாக நிற்கும். ஐந்து தோட்டா, ஒவ்வொரு முறையும் தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் தூக்கி இழுத்துத் தள்ள வேண்டும். போல்ட்டின் கைப்பிடி குட்டையாகவும் நேராகவும் இருப்பதால் நெம்புவதற்குப் பிடி போதாது. சுட்ட சூட்டில் தோட்டாக்கூடு அறைக்குள் ஒட்டிக்கொண்டால் உள்ளங்கையால் அடித்துத் திறக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம் வடிவமைப்பு அல்ல. பல பத்தாண்டுகளாகத் தோட்டா அறையில் படிந்து இறுகிய காஸ்மோலின் கிரீஸ். கரைப்பானில் நனைத்த பித்தளைத் தூரிகையை டிரில்லில் மாட்டி நிதானமாகச் சுழற்றினால் பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும்.

பட்டறைக்காரனாக எனக்கு இந்தத் துப்பாக்கியில் மிகவும் பிடித்தது அதன் கடைசல் தடங்கள். 1930-களில் துலாவிலோ இஷெவ்ஸ்கிலோ செய்ததைக் கையில் எடுத்தால் உலோகம் வழுவழுவென்று இருக்கும். 1942, 1943-ஆம் ஆண்டு முத்திரை உள்ளதைத் தடவிப் பாருங்கள். வெட்டுளி ஓடிய கோடுகள் விரலில் நெருடும். ஜெர்மானியப் படை மாஸ்கோவை நெருங்கிய பிறகு மெருகேற்ற யாருக்கும் நேரம் இல்லை. ஆனால் வெளியேதான் முரடு. பூட்டும் பரப்புகளில் அளவு தவறவில்லை. எதில் சமரசம் செய்யலாம், எதில் கூடாது என்று அங்கே ஒரு தரச்சோதனைக்காரர் தெளிவாக முடிவெடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

மதிப்பு இருக்கட்டும், சுட்டால் எப்படி? குழலுக்குள் சுருளாக ஓடும் உள்வரிகள் கூராக இருந்தால் 100 கஜத்தில் ஐந்தும் மூன்று நான்கு அங்குல வட்டத்துக்குள் விழும். தேய்ந்த குழலாக இருந்தால் அட்டையில் எங்கே விழும் என்று சொல்வதற்கில்லை. பயனெட் மாட்டிய நிலையில் குறி திருத்தியதால் அதைக் கழற்றிச் சுடும்போது தோட்டா ஒருபுறம் விலகிப் போகும். குறியை 100 மீட்டருக்கு வைத்தாலும் பெரும்பாலும் உயரப் போகும். முன்குறியின் முள்ளில் சிறு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகி உயரத்தைக் கூட்டுவது கிளப்பில் எல்லோரும் செய்யும் வைத்தியம். பின்கட்டையின் இரும்புத் தகடு மெல்லிய சட்டைக்காரரின் தோளை விடாது. தவறி வெடிக்காமல் தடுக்கும் காப்பு என்ற பெயரில் இருப்பது, பின்னால் உள்ள குமிழை முழு பலத்தோடு இழுத்து இடப்புறம் திருப்பும் ஏற்பாடு. அதைச் செய்வதற்குள் தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

'பாகங்களின் வரிசை எண்கள் எல்லாம் பொருந்துகின்றன' என்று விற்பவர் சொன்னால் அதிகம் மகிழ வேண்டாம். போருக்குப் பிறகு சோவியத் கிடங்குகளில் இவற்றைப் பிரித்துச் சீர்செய்து, போல்ட்டில் இருந்த பழைய எண்ணை அடித்துவிட்டுக் குழலின் எண்ணைப் புதிதாகப் பொறித்தார்கள். சதுரத்துக்குள் குறுக்குக்கோடு போட்ட முத்திரை இருந்தால் அது சீர்செய்த கிடங்கின் அடையாளம். சுடுவதற்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 'அசல் பொருத்தம்' என்று இணையத்தில் ஒருவர் கூடுதலாக நூறு டாலர் கேட்டார். படத்தைப் பெரிதாக்கினால் பழைய எண்ணின் மேல் கிழித்த கோடு தெளிவாகத் தெரிந்தது.

மோசினின் குட்டை வடிவமான எம்44 பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதே தோட்டா, 51 சென்டிமீட்டர்க் குழல். முழுதாக எரியாத மருந்து குழல்வாயில் தீப்பந்தாக வெடிக்கும். இளைஞர்களுக்கு அது வேடிக்கை. பக்கத்து மேசையில் உட்காருகிறவன் நான், எனக்கு வேண்டாம்.

எஸ்கேஎஸ் கதை வேறு. சிமோனோவ் வடிவமைத்து 1945-ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கியது; பெருவாரியான உற்பத்தி 1949-க்குப் பிறகு துலாவில். 7.62×39 தோட்டா, பிரியாத பத்துத் தோட்டா மேகசின், சுட்ட மருந்தின் வாயு அழுத்தத்தில் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வாயு இயக்கம். தோளில் அடி இல்லை. ஒரு மதியம் முழுதும் சுட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போகலாம். கடைசித் தோட்டா முடிந்ததும் போல்ட் பின்னாலேயே நின்றுவிடும். பத்துத் தோட்டாப் பட்டையைச் செருகிக் கட்டைவிரலால் அழுத்தினால் அடுத்த சுற்று தயார். சோவியத் எஸ்கேஎஸ் பெரும்பாலானவற்றில் குழலின் உட்புறம் குரோமியம் பூசியிருக்கும். யூகோஸ்லாவியாவின் எம்59/66-இல் அது இல்லை. விலை குறைவு என்று அதை வாங்குகிறவர்கள் குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

விசை சுமார்தான். இழுத்துக்கொண்டே இருப்போம், எப்போது விடும் என்று தெரியாது. சுட்ட கூடுகள் தெறித்துப் பறக்கும். வலப்பக்கத்து ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நாகரிகம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் செய்தவை தவிர மற்ற எஸ்கேஎஸ்களில் சுடும் ஊசிக்கு வில் கிடையாது. ஊசி போல்ட்டுக்குள் தளர்வாக ஓடும். பழைய கிரீஸில் அது முன்னால் சிக்கிக்கொண்டால் விசையைத் தொடாமலே தோட்டாக்கள் வரிசையாக வெடிக்கலாம். போல்ட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து காதருகே குலுக்குங்கள். ஊசி 'கலகல' என்று ஆடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காத துப்பாக்கியில் தோட்டா போடாதீர்கள். புதிதாக வாங்கியதை முதன்முறை சுடும்போது இரண்டு தோட்டாவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

எஸ்விடி-40, டோக்கரேவின் வேலை. மூன்றிலும் அழகானது இதுதான், சந்தேகமே இல்லை. மோசினின் அதே 7.62×54 தோட்டாதான், ஆனால் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். அடியும் மோசினை விடக் குறைவு. 1941-இல் ஜெர்மானியர்கள் கைப்பற்றித் தாங்களே பயன்படுத்தினார்கள். அவர்களுடைய கெவேர் 43 இதன் வாயு இயக்கத்தைப் பின்பற்றியது. ஆனால் வாயு அளவைத் திருத்த ஐந்து துளைகள் கொண்ட சிறு உறுப்பு முன்னால் இருக்கிறது. அதற்கெனத் தனிச் சாவியும் வேண்டும். தேவைக்கு மேல் வாயுவை விட்டால் போல்ட் பின்னால் மோதி உலோகம் அடிபடும். நல்ல நிலையில் உள்ளது இரண்டாயிரம் டாலரைத் தாண்டுகிறது. உதிரிபாகம் தேடித் திரிய வேண்டும். நண்பர் ஒருவருடையதைச் சுட்டேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உடையுமோ என்று அஞ்சிச் சுடுவதில் என்ன பொழுதுபோக்கு?

மூன்றுக்கும் பொதுவான தொல்லை தோட்டா. பழைய ராணுவத் தோட்டாக்களின் அடியில் தீமூட்டும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. சுட்டபின் அது குழலில் உப்பாகப் படிந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். எங்கள் ஊர் ஜூலைப் புழுக்கத்தில் மறுநாளே துரு தெரியும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய். எஸ்கேஎஸ்ஸில் வாயுக்குழாயும் பிஸ்டனும் இதில் சேர்த்தி. 2021-இல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி நின்ற பிறகு மலிவு இரும்புக்கூட்டுத் தோட்டாக்களும் அருகிவிட்டன. நான் இப்போது செர்பியாவின் பிபியு நிறுவனத்தின் பித்தளைக்கூட்டுத் தோட்டாக்களைச் சுடுகிறேன். விலை அதிகம், உப்பு இல்லை. இரும்பு உறையிட்ட குண்டுகளைக் காந்தம் வைத்துப் பார்த்துத் தடுக்கும் சுடுதளங்களில் இவற்றால் தகராறும் இல்லை.

"அண்ணா, ஒன்றே ஒன்று வாங்குவதென்றால்?" என்று கேட்கும் தம்பிகளுக்கு என் பதில் சோவியத் எஸ்கேஎஸ். மோசினைவிட மிக அதிக விலை, இருந்தாலும் அதுதான். மோசின் மேல்தான் மனம் என்றால் உள்வரிகள் பளிச்சென்று உள்ள குழல் கிடைக்கும்வரை காத்திருங்கள். ஆண்டு முத்திரையைப் பிறகு பார்க்கலாம். எஸ்விடிக்கு என்று பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஃபின்லாந்துக்காரர்களின் எம்39-ஐ ஒருமுறை சுட்டுப் பாருங்கள். ரஷ்ய மோசினின் உடலில் தங்கள் சொந்தக் குழலையும் கைப்பிடி வளைவுள்ள கட்டையையும் சரியான குறியையும் பொருத்திச் செய்தது. மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கலாம்.